மிச்சமிருந்த ஒரு கத்தல்

சைரன் ‘கோல்’ என்று கத்தினால் எதிர்வீட்டில் பால் பொங்கும். அடுப்பு எரிந்துகொண்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பக்கத்துக் கட்டடத்தில் ஒரு குழந்தை ‘அம்மா’ என்பதற்கு முன்னால் ‘கோல்’ என்றது. அந்தக் கோபத்தில் அதன் அம்மா ரொம்ப நாள் சைரனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாடியில் குடியிருந்த காது மந்தமான ரிட்டயர்டு வாத்தியார், மேட்ச் நாளில் காது மிஷினைக் கழற்றி டப்பாவில் போட்டுவிடுவார். “கீழ்வீட்டுக்காரர் இருக்கறப்ப பேட்டரியை எதுக்கு வீணாக்கணும்?” என்பார். ஒருமுறை பந்து கம்பத்தில் பட்டு வெளியே போகவிருந்த நேரத்தில் சைரன் அவசரப்பட்டுக் கத்திவிட, பந்து வேறு வழியில்லாமல் உள்ளே போனது. பார்த்தவர்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள். சந்தேகம் உள்ளவர்கள் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

அந்த மனிதருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளம் போடும் நாளில் மட்டும் அது வெளியே வரும். மற்ற நாட்களில் அவர் சைரன்தான்.

அவர் பிழைப்பே வாயில்தான் ஓடியது. இரும்புத் தகடுகளும் உத்தரங்களும் அடுக்கிய பெரிய ஷெட். கூரைக்கடியில் தண்டவாளத்தில் ஓடும் கிரேன். மேலே கூண்டில் உட்கார்ந்து அதை ஓட்டுபவர் சைரனின் மனைவியுடைய தம்பி. கீழே நின்று அவருக்குக் கையால் சைகை காட்டுவது சைரன். ஆள்காட்டி விரலை மேல்நோக்கிச் சுழற்றினால் தூக்கு. கீழ்நோக்கிச் சுழற்றினால் இறக்கு. கையை நீட்டி உள்ளங்கையைத் தரைக்குக் காட்டினால் நில். இரண்டு கை விரல்களையும் கோத்து வயிற்றுக்கு முன்னால் வைத்துக்கொண்டால், எல்லாவற்றையும் அப்படியே நிறுத்து, எது எங்கே இருக்கிறதோ அது அங்கேயே இருக்கட்டும் என்று பொருள்.

இதெல்லாம் மேலே இருப்பவருக்கு. கீழே குனிந்து வேலை செய்பவர்கள் சைகையைப் பார்ப்பதில்லை. அவர்களுக்குத்தான் குரல். சுமை அசைவதற்கு முன்னால் சைரன் ‘தலை!’ என்று ஒரு கத்து கத்துவார். அறுக்கிற மிஷின், சம்மட்டி, வெல்டிங் எல்லாச் சத்தத்தையும் கிழித்துக்கொண்டு அது போய் ஒவ்வொருவர் பிடரியிலும் தட்டும். அவர் அங்கே நின்ற காலத்தில் யார் தலையிலும் ஒரு துரும்பு விழுந்ததில்லை.

வேலை முடிந்ததும் ஷெட் வாசலில் நின்று மனைவியின் பெயரைக் கூப்பிடுவார். இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி இருந்த வீட்டில் அவள் வெந்நீர் போட எழுந்துகொள்வாள். இரண்டெழுத்துப் பெயர். ஊரே கேட்ட பெயர் என்பதால் இங்கே தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

“உங்க வாயால என் பேரை ஒருநாளாவது மெதுவாச் சொல்லியிருக்கீங்களா?” என்பாள் அவள்.

“மெதுவாச் சொன்னா உனக்குக் கேக்காதே.”

“பக்கத்துலதானே நிக்கறேன்?”

“பக்கத்து வீட்டுக்காரங்களுக்குக் கேக்காதே.”

அவள் சிரிப்பாள். அப்போதெல்லாம் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

சைரனுக்கு உயிர் என்றால் நீலச் சட்டைக்காரர்கள். கடல் தாண்டி எங்கோ இருக்கும் ஒரு ஃபுட்பால் டீம். இளவயதில் கேண்டீன் டிவியில் முதல்முறையாகப் பார்த்தபோது அவர்கள் தோற்றுக்கொண்டிருந்தார்கள். பாவம் பார்த்து அவர்கள் பக்கம் சேர்ந்தவரால் பிறகு விலகவே முடியவில்லை. அவர்களும் பாவத்தை விடவில்லை. வருஷா வருஷம் தோற்றார்கள். ஒரு மேட்சைக்கூட மைதானத்தில் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை. பார்ப்போம் என்று நினைத்ததும் இல்லை. ஆனால் ஒரே மகள் வேலை கிடைத்துப் போன ஊர், அந்த மைதானத்திலிருந்து ரயிலில் போய்வரும் தூரத்தில் அமைந்துவிட்டது.

மகள் போன் செய்த நாளன்று சைரன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அப்பா, டிக்கெட் எடுத்துட்டேன். விசாவும் ஆயிடும். நீலச் சட்டை மேட்ச். நீயும் நானும், பக்கத்துப் பக்கத்து சீட்.”

சைரன் கத்தப் போகிறார் என்று மனைவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். மாடியில் வாத்தியார் காது மிஷினைக் கழற்றினார். கத்தல் வரவில்லை. காற்றும், ஒரு கிழிந்த துணிச் சத்தமும்தான் வந்தன.

சில மாதங்களாகவே தொண்டை கட்டியிருந்தது. தேய்மானம் என்று அவரே முடிவு செய்திருந்தார். ஷெட்டில் ‘தலை’ இரண்டு துண்டாக உடைந்து வர ஆரம்பித்தபோதும் எண்ணெய் போடாத கப்பி என்று சொல்லிச் சமாளித்தார். இப்போது மனைவி விடவில்லை. டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

தொண்டை டாக்டர் மகளைவிட ஓரிரண்டு வயதுதான் மூத்தவர். குழாயை விட்டுப் பார்த்தார். ஒரு துணுக்கை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். மறுபடி வரச் சொன்னார். மறுபடி போனபோது நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். டாக்டர்கள் அருகில் வந்து உட்காருவது நல்ல சேதிக்கு அல்ல.

“குரல்வளையையே எடுத்தாகணும் ஐயா. கழுத்துல ஒரு துவாரம் வெச்சுருவோம். மூச்சு அந்த வழியாப் போகும்.”

“பேச்சு?” என்று கேட்டது மனைவி.

“அதைப் பிறகு பாக்கலாம்மா.”

டாக்டர் ‘பாக்கலாம்’ என்றால் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அது இருவருக்கும் புரிந்தது.

“எப்ப எடுப்பீங்க?” என்றார் சைரன்.

“ஆபரேஷன் தியேட்டர் கிடைக்கணும். அடுத்த மாச ஆரம்பத்துல.”

“இந்த மாசக் கடைசியில ஒரு மேட்ச் இருக்கு. வெளிநாட்டுல. கத்தலாமா?”

டாக்டர் இதை ஜோக் என்று நினைத்துச் சிரிக்கப் போனார். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பைப் பாதியில் விழுங்கினார்.

“இன்னைலேர்ந்து வாயே திறக்காம இருந்தீங்கன்னா ஒரு கத்தல் தாங்கும். ஒன்னே ஒன்னு. ரெண்டாவதுக்கு நான் பொறுப்பில்ல. கிசுகிசுன்னு பேசறதும் கூடாது, அது இன்னும் மோசம்.”

சைரன் வாயை அங்கேயே மூடினார். நன்றிகூடச் சொல்லவில்லை. கையைக் கூப்பிவிட்டு வெளியே வந்தார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச்சு கிரேன் சைகையாக மாறியது. தட்டில் இன்னும் போடு என்பதற்கு விரல் மேல்நோக்கிச் சுழலும். போதும் என்பதற்கு உள்ளங்கை தரையைப் பார்க்கும். முதலில் மனைவிக்குத் தடுமாற்றமாக இருந்தது. தம்பியை உட்கார வைத்துப் பாடம் கேட்டுக்கொண்டாள். பிறகு அவளுக்கும் பேசப் பிடிக்காமல் போய், அவளும் கையாலேயே பதில் சொல்ல ஆரம்பித்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்த எதிர்வீட்டுக்காரி, இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புத்தி பேதலித்துவிட்டதாக நாலு வீட்டில் சொன்னாள். யாராவது நலம் விசாரிக்க வந்து ‘எப்பிடி இருக்காரு?’ என்று கேட்டால், மனைவி விரல்களைக் கோத்து வயிற்றுக்கு முன்னால் வைத்துக்கொள்வாள். எல்லாம் அப்படியே நிற்கிறது. வந்தவர்கள் அவள் பிரார்த்தனை செய்வதாக நினைத்துக்கொண்டு தாங்களும் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

வாய்தான் மூடியிருந்ததே தவிர சைரனுக்குத் தலைகால் புரியவில்லை. மகள் அனுப்பிய படத்தில் மைதானமும் அவர்கள் சீட்டும் இருந்தன. அதைச் சுவரில் ஒட்டி, எதிரே நாற்காலியைப் போட்டு, நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு காலையும் மாலையும் உட்கார்ந்து பழகினார். எந்தப் பக்கத்து கோலுக்கு எந்தப் பக்கம் திரும்பிக் கத்துவது என்று கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடி முன்னால் நின்று நெஞ்சு நிறைய மூச்சை ஏற்றி, வாயை முழுசாகத் திறந்து, சத்தமே இல்லாமல் ‘கோல்’ என்றார். தண்ணீரை விட்டு வெளியே எடுத்துப் போட்ட மீன் மாதிரி இருந்தது. சமையலறையிலிருந்து பார்த்த மனைவி அந்தப் பக்கம் போவதையே விட்டாள்.

கத்தலைப் பொத்திப் பொத்தி வைத்தார். கழுத்தைச் சுற்றி எப்போதும் கம்பளித் துணி. ஐஸ் போட்ட எதையும் தொடவில்லை. ஒரு தும்மல் வந்தபோது, அதில் கொஞ்சம் சிந்திவிடுமோ என்று பயந்து அடக்கிக்கொண்டார். அந்தத் தும்மல் வெளியே வர வழி தெரியாமல் வாரக்கணக்கில் அவருக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

அடுத்த பிரச்சினை, எந்த கோலுக்குக் கத்துவது என்பது. இதற்காக வீட்டில் ஒரு கூட்டமே கூடியது.

“முதல் கோலுக்கே விட்டுருங்க மச்சான்,” என்றார் கிரேன்காரர். “நம்ம டீமை நம்பி ரெண்டாவதுக்குக் காத்திருக்க முடியுமா? அவனுங்க ஒரு கோல் போடறதே பெரிசு.”

“அது தப்பு,” என்றார் வாத்தியார். சைரனுக்காக அன்று காது மிஷினில் புது பேட்டரி போட்டு வந்திருந்தார். “முதல் கோல் போட்டுட்டு அப்புறம் தோத்துட்டா? கத்தல் போச்சே! ஜெயிக்கற கோலுக்குத்தான் கத்தணும்.”

“எது ஜெயிக்கற கோல்னு மேட்ச் முடிஞ்சாத்தானே சார் தெரியும்?”

“அப்ப முடிஞ்சதும் கத்தட்டும்.”

“முடிஞ்சப்புறம் எதுக்குக் கத்தறது? பஸ்ஸைப் பிடிக்கவா?”

சைரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் உள்ளங்கையைத் தரைக்குக் காட்டி நிறுத்தினார். சுமையைத் தூக்கி, கொஞ்சம் நிறுத்தி, சங்கிலி சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்த பிறகுதான் நகர்த்த வேண்டும். வேலையில் சேர்ந்த நாளில் கற்றது அது. மைதானத்திலும் அப்படியே செய்வது என்று முடிவெடுத்தார். மனைவியை யாரும் கேட்கவில்லை. அவள் கூட்டத்துக்குக் குடிக்க ஏதோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

ஷெட்டில் அவருக்குப் பதிலாக ஒரு ஹாரன் மாட்டினார்கள். ஜலதோஷம் பிடித்த ஆடு மாதிரி அது கத்தியது. சைரனைச் சைகைக்கு மட்டும் நிற்கச் சொன்னார் மேனேஜர். ஆட்களுக்கு ஹாரன் பிடரியில் தட்டவில்லை. சைரன் கத்தவில்லை என்றால் சுமை வரவில்லை என்றே அவர்கள் உடம்பு பழகியிருந்தது.

பயணத்துக்கு முந்தைய வாரம் அது நடந்தது. ஒரு தகடு மேலே போய்க்கொண்டிருந்தது. ஹாரன் அடித்தது. கீழே வெல்டர், சைரனோடு பாதி ஆயுளைக் கழித்த மனிதர், முகமூடியைப் போட்டுக்கொண்டு குனிந்திருந்தார். சங்கிலியில் ஒரு வளையம் வழுக்கியது. தகடு ஒரு பக்கம் சாய்ந்தது.

சைரன் மூச்சை ஏற்றினார். வாயைத் திறந்தார். ‘தலை’ நாக்கின் நுனிவரை வந்தது.

திறந்த வாய் மூடிக்கொண்டது.

இரண்டு கையையும் விரித்து ஆட்டினார். மேலே மச்சினன் உடனே நிறுத்தினார். ஆனால் மேலே இருந்தவர் நிறுத்தினால் கீழே இருந்தவர் நகர்வாரா? தகட்டின் மூலை நழுவி இறங்கி வெல்டரின் பூட்ஸ் நுனியில் உட்கார்ந்தது. கட்டைவிரல் நசுங்கிவிட்டது.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும்போது வெல்டர் சைரனைத் தேடினார். சைரன் பின்னால் நின்றார்.

“என்னப்பா, கத்தலையா?”

சைரன் தலையைக் குனிந்துகொண்டார்.

“மேட்சுக்கு வெச்சிருக்கியா?” வெல்டர் வலியில் பல்லைக் கடித்தார். கோபம் என்று சொல்ல முடியாது. ஏதோ விலை விசாரிப்பது போலத்தான் இருந்தது. “சரி போ. விரலுக்குத் தக்கன கோலா பாத்துக் கத்து.”

அன்று இரவு சைரனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் கண்ணாடி முன்னால் நிற்கவும் இல்லை. ஆனால் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். இனி போகாமல் இருப்பதற்கு வழியில்லை. கத்தாமல் திரும்பினால் அந்த விரலுக்கு என்ன பதில்?

கிளம்புகிற நாள் காலையில் மனைவி பெட்டியை அடுக்கினாள். நீலச் சட்டையை மடித்து மேலே வைத்தாள். எடுத்தாள். மறுபடி மடித்தாள்.

“ஒன்னு கேக்கட்டுமா?”

அவர் விரலை மேல்நோக்கிச் சுழற்றினார். சொல்லு.

“அங்க போய்க் கத்தறதுக்கு முன்னாடி இங்க ஒருவாட்டி என் பேரைச் சொல்லிட்டுப் போங்களேன். கத்த வேண்டாம். ரெண்டே எழுத்து. எனக்கு மட்டும் கேட்டாப் போதும்.”

சைரன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். இரண்டெழுத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று யாருக்குத் தெரியும்? கிசுகிசுப்பது இன்னும் மோசம் என்றல்லவா டாக்டர் சொன்னார்? அதோடு, இவள் எங்கே போகப் போகிறாள்? வந்து சொன்னால் ஆகாதா? அவர் கையை நீட்டி உள்ளங்கையைத் தரைக்குக் காட்டினார். பிறகு வாசலைக் காட்டி, போய், திரும்பி வருவது போல விரலால் ஒரு வட்டம் போட்டார்.

அவள் பெட்டியை மூடினாள்.

“சரி. அந்தப் பதினோரு பேருக்குக் குடுத்தது போக மிச்சம் இருந்தா எனக்குக் குடுங்க.”

ஏர்போர்ட்டில் சைரன் செருப்பு, பெல்ட், கடிகாரம் எல்லாம் கழற்றியும் மிஷின் அவர் கழுத்துக்கு நேராகக் கத்தியது. காவலர் கம்பளித் துணியை அவிழ்த்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. மறுபடி மிஷினை வைத்தார். மறுபடி கத்தியது. “உள்ளே என்ன வெச்சிருக்கீங்க?” என்றார். சைரன் வாயைத் திறந்து காட்டினார். காவலர் எட்டிப் பார்த்தார். என்ன பார்த்தாரோ, உள்ளே விட்டுவிட்டார்.

விமானத்தில் அவருக்குத் தூக்கம் வரவில்லை. பக்கத்து சீட்காரர் பேச்சுக் கொடுத்தபோதெல்லாம் கழுத்தைக் காட்டிக் கையை விரித்தார். மேகத்துக்கு மேலே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எந்த கோல் வந்தாலும் வரட்டும், என்று ஒரு நிமிடம் நினைத்தார். அடுத்த நிமிடமே வெல்டரின் விரல் நினைவுக்கு வந்தது. எந்த கோல் வந்தாலும் என்று இருக்க முடியாது.

மைதானம் படத்தில் பார்த்ததைவிடப் பெரிதாகவும் பச்சையாகவும் இருந்தது. படிக்கட்டு ஏறி வாசலைத் தாண்டியதும் அந்தப் பச்சை சட்டென்று விரிந்தபோது சைரனின் கால்கள் நின்றுவிட்டன. பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டார்கள். மகள் கையைப் பிடித்து இழுத்துப் போய் சீட்டில் உட்கார வைத்தாள். நீலச் சட்டைக்காரர்கள் ஓடி வந்தார்கள். டிவியில் விரல் அளவுக்கு இருந்தவர்கள், நிஜத்திலும் அவர் சீட்டிலிருந்து விரல் அளவுக்குத்தான் இருந்தார்கள். ஆனாலும் நிஜமான விரல்கள். சைரன் அழுதார். அழுகையிலும் சத்தம் சிந்தாமல் பார்த்துக்கொண்டார்.

மேட்ச் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே அது நடந்தது. இடது பக்கத்திலிருந்து வந்த பந்தை நீலச் சட்டைக்காரன் ஒருவன் தலையால் முட்டினான். வலை குலுங்கியது. மைதானம் முழுக்க எழுந்து நின்று அலறியது. மகள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“அப்பா! கோல்ப்பா! கத்துப்பா!”

சைரன் நெஞ்சு நிறைய மூச்சை ஏற்றியிருந்தார். வாய் திறந்திருந்தது. கத்தல் தொண்டைவரை வந்து நின்றது. அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. இதுவா? நசுங்கிய விரலுக்கும், சொல்லாமல் வந்த இரண்டெழுத்துக்கும் இந்த ஒரு முட்டு ஈடாகுமா? மேட்ச் இப்போதுதானே ஆரம்பித்திருக்கிறது? சுமையைத் தூக்கியாயிற்று. சங்கிலி உட்காரட்டும்.

அவர் மகளுக்கு உள்ளங்கையைத் தரைக்குக் காட்டினார். சின்ன வயதிலிருந்து அந்தச் சைகை தெரிந்தவள், கைகளைத் தளர்த்திவிட்டு உட்கார்ந்தாள்.

பிறகு எதிராளிகள் ஒன்று போட்டார்கள். பிறகு இன்னொன்று போட்டார்கள். நீலச் சட்டைக்காரர்கள் வழக்கம்போலப் பாவமாக ஓடினார்கள். விசில் ஊதப்போகும் நேரத்தில் ஒரு பந்து கம்பத்தில் அடித்து, கோட்டின் மேலேயே உருண்டது. சைரன் எழுந்துவிட்டார். அந்தக் காலத்துச் சைரனாக இருந்தால் முன்கூட்டியே கத்தியிருப்பார், பந்தும் வேறு வழியில்லாமல் உள்ளே போயிருக்கும். இருப்பது ஒன்று என்பதால் பந்து போகட்டும் என்று அவர் காத்திருந்தார். அவர் கத்தட்டும் என்று பந்து காத்திருந்தது. கோல்கீப்பர் வந்து அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

விசில் ஊதினார்கள். எல்லோரும் போன பிறகும் சைரன் நின்றுகொண்டிருந்தார். தூக்கிய சுமை மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. இறக்குவதற்கு இடம் இல்லை.

“போலாம்ப்பா,” என்றாள் மகள். “விளக்கை அணைக்கறாங்க.”

ஊர் திரும்பியபோது வாசலில் மனைவி நின்றிருந்தாள். மேட்ச் முடிவை அவள் கேட்கவில்லை. அது டிவியிலேயே வந்துவிட்டது. மாடியில் வாத்தியார், எந்த நேரமும் கத்தல் கேட்டுவிடும் என்று கடைசிவரை காது மிஷின் இல்லாமலேயே உட்கார்ந்திருந்தாராம்.

“மிச்சம் இருக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

அவர் தலையை ஆட்டினார். முழுசாக இருக்கிறது. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது. அதைப் பார்த்ததும் சைரனுக்கு வேறு ஆசை வந்துவிட்டது. வாசலில் பெட்டியும் கையுமாக நின்று, எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொல்லக்கூடாது. வாழ்நாளில் முதல்முறையாக மெதுவாகச் சொல்லப் போகிற பெயர். உள்ளே போய், ஆற அமர, நல்ல நேரம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

உள்ளே போனதும் மச்சினன் வந்தார். பிறகு ஷெட் ஆட்கள் வந்தார்கள். வெல்டர் கட்டை ஊன்றிக்கொண்டு வந்து, “கத்தினியா?” என்றார். இல்லை என்று சைரன் தலையசைத்ததும் கட்டுப்போட்ட காலைக் காட்டினார். “அப்ப என் விரலு?” என்றார். பிறகு அவரே சிரித்துவிட்டுப் போய்விட்டார். போகும்போது கட்டையின் சத்தம் தெருக்கோடிவரை கேட்டது.

அடுத்தடுத்த நாட்களில் சொந்தக்காரர்கள் வந்தார்கள். ரத்தம் எடுக்க வந்தார்கள். மகள் விடுப்பு கிடைக்காமல் போனில் அழுதாள். நல்ல நேரம் வரவே இல்லை. வந்தபோதும், இதைவிட நல்ல நேரம் ஒன்று வரும் என்று சைரன் தள்ளிப்போட்டார். மனைவி மறுபடி கேட்கவில்லை. வெந்நீர் போட்டாள். கூப்பிடாமலேயே போட்டாள்.

கடைசியில் ஒரு நல்ல நேரம்தான் பாக்கி இருந்தது. தியேட்டர் வாசல்.

காலையில் அவரை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து நீளமான வராந்தாவில் தள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டு பக்கமும் பெஞ்சுகளில் நோயாளிகள். மனைவி ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். கதவுக்கு முன்னால் நர்ஸ் நிறுத்தினாள்.

“இதுக்கு மேல வரக்கூடாதும்மா. பேசறதுன்னா பேசிக்குங்க.”

மனைவி குனிந்தாள். காதை அவர் வாய்க்கு வெகு அருகில் கொண்டுவந்தாள். காதோரத்து நரையில் எண்ணெய் வாசனை அடித்தது. சைரன் மூச்சை மெல்ல ஏற்றினார். இரண்டெழுத்து. மெதுவாக. அவளுக்கு மட்டும்.

வாயைத் திறந்தார்.

ஆனால் தொண்டையில் வாரக்கணக்காக வரிசையில் முதலாவதாக நின்றுகொண்டிருந்தது வேறொன்று. கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தது. நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தைத் திருப்பிப் பழகியது. மைதானத்தில் மேலே ஏறித் தொங்கியது. திறந்த வழியில் அதுதான் முந்திக்கொண்டது.

“கோ…ல்!”

ஆஸ்பத்திரியில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. கேண்டீனில் பால் பொங்கியது. எழுந்து நடக்கவே கூடாது என்று கட்டுப்போட்டு வைத்திருந்த ஒருவர் பெஞ்சிலிருந்து எழுந்து, இரண்டு கையையும் உயர்த்தி, யார் போட்டது என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். வார்டில் இரண்டு பேர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பிள்ளை பெற வந்த ஒருத்திக்கு, காத்திருந்த பிள்ளை அந்தக் கணமே வெளியே விழுந்தது. சைரன் வாழ்க்கையில் கத்தியதிலேயே பெரிய கத்தல் அது. அதைக் கேட்க அங்கே ஒரு பந்தும் இல்லை.

பிறகு எல்லாம் அடங்கியது.

மனைவி காதைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். சைரன் மறுபடி வாயைத் திறந்தார். காற்று வந்தது. உதடுகள் அந்த இரண்டெழுத்தைச் சரியாகத்தான் சொல்லின. மறுபடி சொல்லின. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இறக்கு என்று அவள் விரல் கீழ்நோக்கிச் சுழலவில்லை. தூக்கு என்று மேல்நோக்கியும் சுழலவில்லை.

நர்ஸ் ஸ்ட்ரெச்சரைத் தள்ளினாள். சைரன் தலையைத் தூக்கி, கால் பக்கமாகப் பின்வாங்கிக்கொண்டிருந்த வராந்தாவைப் பார்த்தார். நடுவில் மனைவி நின்றிருந்தாள். இரண்டு கை விரல்களையும் கோத்து வயிற்றுக்கு முன்னால் வைத்திருந்தாள்.

பெஞ்சில் இருந்தவர்கள் அவள் பிரார்த்தனை செய்கிறாள் என்று நினைத்து, ஒவ்வொருவராகக் கண்ணை மூடிக்கொண்டார்கள். கதவு சாத்திக்கொண்டது.